வடகடலில் இடி விழுந்தால்

"கடல்ல இடி விழுந்தா மீனெல்லாம் செத்து மிதக்கணும்ல மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். பாம்பனில் பிறந்து, வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) நடுவில் வளர்கிற பையன். நான் வாயைத் திறப்பதற்குள், திண்ணையில் கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த சித்தப்பா முந்திக்கொண்டார். "மீனு எதுக்குடா சாவுது? தண்ணிக்கு மேல நிக்கிறவனைல்ல அது தேடும்."

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். சித்தப்பா எட்டாவதைத் தாண்டாதவர். ஆனால் மின்னலும் கடலும் பற்றி நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அவர் சொன்னதுதான். அதை எழுதிவைக்க நினைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கரையில் இடியைக் கண்டால் தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்புக்கும், அதன் பக்கத்தில் நிற்கிற தங்கள் தலைக்கும் அவ்வளவு பயப்படுவதில்லை. ஐப்பசி வருவதற்குள் இதைப் பேசிவிட வேண்டும்.

மேகத்தின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் சேர்ந்து, காற்று தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது அங்கிருந்து ஒரு மின்பாதை கீழே இறங்கத் தொடங்குகிறது. நேராக ஒரே மூச்சில் வருவதில்லை. சுமார் 50 மீட்டர் தாவும், நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம் நிற்கும், மறுபடி தாவும், கிளை பிரியும். கீழே கடல் இருக்கிறதா, காடு இருக்கிறதா, கோபுரக் கலசம் இருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலான தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசிச் சில பத்து மீட்டரில்தான் விஷயம் முடிவாகிறது. அப்போது கீழேயிருக்கிற ஒவ்வொரு முனையிலிருந்தும் மேல்நோக்கி ஒரு சிறு பொறி கிளம்பும். எது முதலில் போய்த் தொடுகிறதோ அதன் வழியே மின்னோட்டம் பாயும். ஊருக்குள் பனை இருக்கிறது, செல்போன் கோபுரம் இருக்கிறது, மாதா கோயில் சிலுவை இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால் தலை கருகி மொட்டையாக நிற்கும் பனைகளைப் பார்க்கலாம். அவற்றில் சில, பக்கத்து ஓலைவீட்டுக்கு வர வேண்டியதை வாங்கிக்கொண்டவையாக இருக்கும். கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளிப் போய்விட்டால் பனையும் இல்லை, கோபுரமும் இல்லை. தட்டையான தண்ணீர், அதன்மேல் ஒரு வள்ளம், அதில் எழுந்து நின்று வலை இழுக்கிற ஆள். அவ்வளவுதான்.

வெறும் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர். பாதையின் வெப்பம் 30,000 டிகிரியைத் தொடும். சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. தொட்ட இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகச் சிதறும், நீருக்கடியில் ஒரு வெடிச்சத்தம் கிளம்பும். அதற்குப் பிறகு மின்னோட்டம் எங்கே போகிறது?

கடல்நீர் நல்ல மின்கடத்தி. உப்புதான் காரணம். ஆகவே மின்னோட்டம் விழுந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும், கீழ்நோக்கியும், பிரிந்து ஓடிவிடுகிறது. நிமிர்த்தி வைத்த ஒரு சிரட்டை வடிவத்தில் அது விரிகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது எளிது. தூரம் இரண்டு மடங்கானால் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகும். விழுந்த இடத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1,000 வோல்ட் வித்தியாசம் இருக்கும். 3 மீட்டரில் அது 100 வோல்ட். 10 மீட்டரில் 10 வோல்ட்டுக்கும் கீழே. அதுவும் நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குத்தான் அந்த உச்சம் நீடிக்கும்.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு "பத்து மீட்டர் தள்ளி நீந்தினால் போதும்" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மின்னல் தண்ணீரைத் தொட்டதும் அதன் பொறி நீர்ப்பரப்பின் மேலேயே கிளைவிட்டுப் படரும். மேலும், இவ்வளவு வேகமாக மாறுகிற மின்னோட்டம் ஒரு கடத்திக்குள் ஆழமாக இறங்காமல் தோலோடு தோலாக ஓடும். கடல்நீரில் அதன் வேகமான பகுதி அரை மீட்டர்கூட இறங்காது. மெதுவான பகுதிதான் சில மீட்டர் போகும். அப்படியானால் மேற்பரப்பில் நான் போட்ட கணக்கைவிடக் கூடுதலாகவும், ஆழத்தில் மிகக் குறைவாகவும் இருக்கும்.

மீன் பிழைப்பது இதனால்தான். வடகடலின் பெரும்பகுதி 10 மீட்டரைச் சுற்றிய ஆழம்தான். அந்த அளவுக்கே மின்னோட்டம் அடங்கிப்போகும். தரையோடு கிடக்கும் நண்டுக்கும் திருக்கைக்கும் மேலே நடந்தது தெரியவே தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. மீனின் உடம்பு கடல்நீரைவிட மோசமான கடத்தி. மின்னோட்டத்துக்குச் சுற்றிலும் நல்ல பாதை இருக்கும்போது மீனுக்குள் புகுந்து போக வேண்டிய அவசியம் இல்லை. விழுந்த இடத்துக்கு நேர்கீழே மேலாக மேய்ந்த சாளைக் கூட்டம் இருந்தால் சில சாகலாம். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய ஆமையும், ஆவுளியா என்கிற கடற்பசுவும், ஓங்கில் என்கிற டால்பினும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் தலை காட்டினால் அவற்றுக்கும் ஆபத்துதான். என்றாலும் கடல் பெரிது.

ஊரணி அப்படியில்லை. இதை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். உப்புத்தண்ணீர் கரண்டைக் கடத்தும், ஆகவே கடல்தான் ஆபத்து, நல்லதண்ணீர் பரவாயில்லை என்பது அவர்கள் வாதம். நடப்பது நேர்மாறு. மழைத்தண்ணீர் தேங்கிய ஊரணியும் கண்மாயும் கடலைவிட நூறு மடங்கு மோசமான கடத்திகள். மின்னோட்டம் அதே 30,000 ஆம்பியர்தான். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டுபோக நூறு மடங்கு மின்னழுத்தம் வேண்டும். கடலில் 10 மீட்டரில் 10 வோல்ட் இருந்த இடத்தில் ஊரணியில் 1,000 வோல்ட். அதோடு மனித உடம்புக்குள் ஓடுவதும் உப்பு கலந்த நீர்தானே? ஊரணித் தண்ணீரோடு ஒப்பிட்டால் உடம்பு நல்ல கடத்தி. கடலில் நம்மைச் சுற்றிக்கொண்டு போகிற மின்னோட்டம் ஊரணியில் நம்மைத் தேடி உள்ளே வரும். நன்னீர் ஆராய்ச்சிக்காரர்கள் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடித்து, எண்ணிவிட்டு, திரும்ப விடுவார்கள். அந்த முறை கடலில் சரிப்பட்டு வராததற்கும் இதே காரணம்தான்.

ஆகவே இடிச்சத்தம் கேட்கும்போது கண்மாயில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் பையனை முதலில் கரையேற்றுங்கள். கரையேற்றிப் புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு அனுப்புங்கள்.

இனிப் படகு. பல வருடங்களுக்கு முன் தங்கச்சிமடத்துக் கரையில் வத்தை என்கிற மரப் பாய்ப்படகு ஒன்றைப் பார்த்தேன். முந்தின இரவு அதன் பாய்மரத்தில் இடி விழுந்திருந்தது. மரத்தின் நடுவே மேலிருந்து அடிவரை நீளவாக்கில் பிளந்து, பிளவின் ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எரிந்த கரி கொஞ்சம்தான். மரத்துக்குள்ளிருந்த ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகி, உள்ளிருந்தே மரத்தை வெடிக்க வைத்திருக்கிறது. பாய்மரத்தின் அடியில் மின்னோட்டம் முடிந்துவிடவில்லை. அங்கிருந்து தண்ணீருக்குப் போக வழி தேடி, பலகை ஆணிகளுக்குத் தாவி, ஆணி இருந்த இடங்களில் பலகையைச் சிலும்ப வைத்து வெளியேறியிருந்தது. திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டவில்லை. மின்னோட்டத்தின் காந்தப்புலம் அதைப் புரட்டிப்போட்டிருந்தது. படகிலிருந்தவர்கள் முன்முனையான அணியத்துப் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார்கள் என்று சொன்னார்கள். பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஆணிக்குத் தாவியது ஆளுக்குத் தாவியிருக்கும்.

இப்போது வத்தை குறைந்து பைபர் படகு பெருகிவிட்டது. பைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அது பாதுகாப்பு என்று கரையில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வருகிற ஒன்றை ஒரு விரற்கடை பைபர் என்ன செய்துவிடும்? அது ஆள் மேல் விழுந்து, ஆள் வழியாக இறங்கி, படகின் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போகும். இரும்புப் படகில் உடலே பாதையாகிவிடுவதால் உள்ளறையில் இருக்கிறவருக்குப் பயமில்லை. விசைப்படகின் அறைக்குள் இருப்பது, திறந்த பைபர் படகில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கோடை இடி அதிகமாக விழும் சித்திரை, வைகாசியில் கடலில் இருப்பவை அறையும் கூரையும் இல்லாத சிறு படகுகள்தான். இதை யாரும் கணக்கில் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அதைவிடக் கவலை கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள். சின்னப்பாலத்திலும் மண்டபம் பக்கத்திலும் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி போட்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கிப் பாசி பறிப்பார்கள். இன்னொரு பக்கம் மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு கட்டுவார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தேன். மேற்கே உச்சிப்புளிப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மிதவையருகே நின்ற ஒரு அக்கா வானத்தைப் பார்த்தார், கையிலிருந்த பாசித்துண்டைப் பார்த்தார், கயிற்றின் அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தார். "ஏறுங்கக்கா, மின்னுது" என்றேன். "இந்தக் கயிறு முடியட்டும் தம்பி. பாசி கரையில கெடந்தா வெளுத்துப்போகும். அப்புறம் யாரு குடுப்பா எனக்கு?"

அவர் சொன்னது நியாயம். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற ஆள் அந்தப் பரப்பில் மூன்றடி உயரமான முனை. நேராக விழாவிட்டாலும், பக்கத்தில் விழுந்து அதிர்ச்சியில் ஒரு நிமிடம் நினைவு தப்பினால், நிலத்தில் அது மயக்கம். தண்ணீரில் அது மரணம். தள்ளித் தள்ளி வேலை செய்வதால் பக்கத்தில் தூக்குவதற்கும் ஆள் இருக்காது. ஓடி ஒதுங்குகிற இடமோ கரையிலிருக்கும் ஓலைக்கொட்டகை. அது மழைக்குத்தான் ஆகும், இடிக்கு ஆகாது. ஓட்டு வீடோ காரை வீடோ வேண்டும். இல்லையென்றால் பாசி ஏற்ற வரும் கூண்டு வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். அதன் இரும்புக் கூடு மின்னோட்டத்தை வெளியிலேயே சுற்றித் தரைக்கு அனுப்பிவிடும். வாங்குகிற வியாபாரி அந்த வேனைச் சாயங்காலம் வரை கரையில் நிறுத்திவைத்தாலே பெரிய உதவி.

அடையாளம் எப்படித் தெரியும்? மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுவது எல்லோருக்கும் தெரியும். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் சத்தம் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, ஒதுங்க வேண்டிய நேரம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் வெளியே வரக் கூடாது. கரைக்கு இது சரி. படகில் இஞ்சின் ஓடும்போது இடி எங்கே கேட்கிறது? பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதே கேட்காது. காது பயன்படாத இடத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். அல்லது இஞ்சினை ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்க வேண்டும். அப்பா காலத்தில் இன்னொரு வழி இருந்தது. ராத்தொழிலுக்குப் போகும்போது டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே கரகரவென்று வெடிக்க ஆரம்பித்தால் எங்கோ மின்னுகிறது என்று அர்த்தம். கரகரப்பு நெருங்க நெருங்க வலையை எடுக்கத் தொடங்குவார்கள். அசல் இயற்பியல் அது. ஒவ்வொரு மின்னலும் ஒரு ரேடியோ அலையை வீசுகிறது, மத்திய அலைவரிசை அதை அப்படியே பிடிக்கும். இன்று அதே அலைகளைப் பல ஊர்களில் கருவி வைத்துப் பிடித்து, விழுந்த இடத்தைக் கணக்கிட்டு, புனேயிலிருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்ட எச்சரிக்கை தருகிறது. சிக்னல் இருக்கும் தூரம் வரை அது நல்லது. அதற்கு அப்பால் பழைய டிரான்சிஸ்டர் இன்றைக்கும் வேலை செய்யும்.

கம்பியின் நுனி 'உஸ்' என்று சத்தம் போட்டாலோ, கைமயிர் குத்திட்டு நின்றாலோ எண்ணிக்கையெல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியே குனிந்து உட்கார வேண்டும்.

கடலில் மின்னல் உண்மையில் குறைவு. 1997 முதல் 2015 வரை சுற்றிய வெப்பமண்டல மழை அளவீட்டுச் செயற்கைக்கோளில் மின்னலை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. அந்த மாதிரிக் கருவிகள் காட்டியபடி நிலத்தில் பத்து என்றால் கடலில் ஒன்றுதான். கடல் நிலத்தைப் போல நடுப்பகலில் கொதிப்பதில்லை, மேகத்தை உயரத் தள்ளும் வேகம் அங்கே இல்லை. ஆனால் விழுவது நிலத்தில் விழுவதைவிட வலுவாக விழுகிறது. இன்னொரு விந்தை, இலங்கைக்குத் தெற்கே கப்பல்கள் வரிசைகட்டி மலாக்கா நீரிணைக்குப் போகும் பாதையின் மேல் மட்டும் பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுவதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். கப்பல் புகையின் நுண்துகள் மேகத்துளிகளைச் சிறிதாக்கி உயரத்துக்கு அனுப்புகிறது, அங்கே அவை பனியாகி உரசி மின்னூட்டம் பெருகுகிறது என்பது விளக்கம். 2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்குக் குறைக்கச் சொன்ன பிறகு அந்தப் பாதையில் மின்னலும் குறைந்தது. ராமர் பாலத்துத் திட்டுகளால் பெரிய கப்பல் எங்கள் கடலுக்குள் வருவதில்லை. எங்களுக்கு வருவது சாயங்காலம் பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டி இரவில் கடலுக்கு இறங்கும் மேகம்தான்.

நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் செய்ய வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பு, கொடிக்கம்பு எல்லாவற்றையும் சாய்த்துப் படுக்கப் போடுங்கள். எல்லோரும் படகுக்குள் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ, இஞ்சினைத் தொடாமல் உட்காருங்கள். கையைத் தண்ணீரில் விடாதீர்கள். நனைந்த வலையை இழுக்காதீர்கள், போனால் போகட்டும். வயர்லெஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். பயந்து கடலில் குதிக்காதீர்கள். சங்கு குளிக்கிறவர் அடியில் இருக்கும்வரை அவருக்குப் பயம் குறைவு, மேலே வந்ததும் படகில் ஏறித் தாழ்ந்து உட்கார வேண்டும்.

ஒருவர் மேல் விழுந்துவிட்டால் தயங்காமல் தொடுங்கள். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பது பொய். மின்னல் பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கக்கூடியவர்கள். இறப்பவர்கள் இதயமும் மூச்சும் நின்றுபோவதால் இறக்கிறார்கள். இதயம் தானாக மீண்டும் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு திரும்பத் தாமதமாகும், அந்த இடைவெளியில் ஆளை இழந்துவிடுகிறோம். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறுக்கும் மேல், இரண்டு அங்குலம் இறங்க அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கரையில் 108, கடலில் கடலோரக் காவல்படையின் 1554. 2022-இல் நாடு முழுக்க 2,887 பேர் மின்னலுக்குப் பலியானதாக தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இவர்களில் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள்.

தப்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், படகையே தயார்பண்ணவும் முடியும். 1820-களில் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் பாய்மரக் கப்பல்களின் மரத்திலேயே செம்புப் பட்டை பதித்து, அதை அடியில் கடல்நீர் தொடும் செம்போடு சேர்க்கச் சொன்னார். டார்வின் போன பீகிள் கப்பலிலும் அது இருந்தது. இன்றைய கணக்கும் அதேதான். படகில் எல்லோர் தலையையும்விட நன்றாக உயர்ந்த ஒரு உலோகக் கம்பி. அதிலிருந்து சுண்டுவிரலை நெருங்கும் தடிப்பில் செம்புக் கம்பி, வளைவு நெளிவில்லாமல் நேராகக் கீழே. அடியில், தண்ணீருக்குள் எப்போதும் இருக்கும்படி, ஒரு சதுர அடிச் செம்புத் தகடு. உப்புத்தண்ணீருக்கு ஒரு சதுர அடி போதும் என்பது கடல் நமக்குச் செய்கிற சலுகை. கண்மாய்ப் பரிசலுக்கு அது போதாது. இப்படி ஒரு பாதை இருந்தால் மேலே சொன்ன 'கம்பைச் சாய்' என்பது மாறும். அந்த ஒரு கம்பி நிமிர்ந்தே நிற்கலாம், ஆட்கள் அதைவிட்டுத் தள்ளித் தாழ உட்கார வேண்டும்.

எங்கள் பக்கத்தில் படகு கட்டுகிற ஓடாவியிடம் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "தகட்டைச் சுத்திப் பாசியும் சிப்பியும் அடையுமே?" அடையும், தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, படகைக் கரையேற்றும்போதெல்லாம் சுரண்டிவிட வேண்டும். "செம்பை ராத்திரி எவனாச்சும் பேத்துட்டுப் போயிருவானே?" இதற்கு அவரே ஒரு வழி யோசித்தார். படகு வார்க்கும்போதே தகட்டின் ஓரத்தைப் பைபரோடு சேர்த்து உள்ளே மடித்து, போல்ட்டை உள்பக்கம் வைத்துவிடலாம் என்றார். பழைய படகில் முடியாது, புதுசில்தான் முடியும். செம்பு விற்கிற விலைக்கு, மானியம் இல்லாமல் ஒரு படகுக்காரரும் இதைக் கையிலெடுக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னார். மீன்வளத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓடாவி வரைந்து கொடுத்த படத்தையும் அதோடு இணைக்கிறேன். பாம்பன், மண்டபம், தொண்டி, தேவிப்பட்டினம், ஏர்வாடி, எந்தக் கரையிலிருந்து இதைப் படித்தாலும் உங்கள் சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும்.